கக்கூஸ் பரலைப் பிடித்தவன்

முதலில் நான் கட்டி எழுப்பியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குப் பிறகு வரலாம்.

பாரிஸில் வந்து இறங்கியபோது என்னிடம் வதிவிடக் கடதாசியும் இல்லை, பாஷையும் இல்லை. முதல் வேலை ஒரு சினிமாக் கொட்டகையில் கக்கூஸ் கழுவுவது. அடுத்த வேலை ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவுவது. அடைத்துப்போன குழாய்க்குள் தோள்மூட்டு வரை கையை விட்டிருக்கிறேன். அந்தக் கையால்தான் மற்றதெல்லாம் கட்டினேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் இன்றைக்குச் சனம் வரிசையில் நிற்கிற என் கடை அப்போது எலி குடியிருந்த பொந்து. ஷட்டரைத் தூக்கினால் நாற்றம் முகத்தில் அடிக்கும். ஒருவரும் வாடகைக்கு எடுக்கவில்லை, நான் எடுத்தேன். சுவர் பூசியது நான், குழாய் பூட்டியது நான், ரோல்ஸும் வடையும் சுட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியதும் நான். நகருக்கு வெளியே எபினேயில் வாங்கிய வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிந்தது. அதற்குக் கூரை போட்டேன். தங்கச்சிமார் எல்லோரையும் கட்டிக் கொடுத்தேன். பிள்ளையாரின் தேர் இந்தத் தெருக்களைச் சுற்றி வருகிற நாளில் சனத்துக்கு மோர் கொடுக்கிற பந்தல் என்னுடையது. முதல் வருடம் பொலிஸ் வந்து கழற்றச் சொன்னது, கழற்றினேன். அடுத்த வருடம் அனுமதி வாங்கி அதைவிடப் பெரிதாகப் போட்டேன்.

இவ்வளவும் செய்தவன் ஏழாம் வகுப்பை முடிக்காதவன். ஆகவே நான் ஒன்றைச் செய்தேன் என்று சொன்னால் அதைச் செய்தேன்தான். அப்படி நான் செய்த ஒன்றை என் வீட்டுக்காரரே மாற்றிச் சொல்லித் திரிகிறார்கள். அதனால்தான் கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள். மருந்துக்கடைப் படிப்புப் படித்து, வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலைக்குப் போகிறவள். அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டப் போவதாகச் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டேன். ஆற்றில் ஆட்களை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போகிற வழிகாட்டியாம். தானும் வேலையிடத்துச் சிநேகிதிகளோடு அப்படி ஒரு பயணம் போனபோதுதான் பழக்கமாம்.

"அது வேலையோ?" என்று கேட்டேன்.

அதற்குப் பரீட்சை இருக்கிறது, அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது என்று பிரெஞ்சில் அடுக்கினாள்.

"மருந்து படிச்ச பிள்ளையை வள்ளக்காரனுக்குக் குடுக்கப் போறியளோ?" என்றாள் என் பெண்சாதி. அவள் மகளிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள். வீட்டில் எது பிழைத்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை என்று ஒருவன் பேச்சில் வந்தால், அவன் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு முடிவெடுக்கமாட்டோம். வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். இரண்டு ஆம்பிளைகள் அவனுடைய வேலைத்தலத்துக்குப் போவார்கள். குடிக்கிறானா, முதலாளி அவனைப் பற்றி என்ன சொல்கிறான், தனக்குக் கீழே நிற்பவனோடு எப்படிக் கதைக்கிறான் என்று பார்ப்பார்கள். மூத்த தங்கச்சிக்கு வந்தவனை விசாரிக்க ஜெர்மனிக்குப் போய், ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்வாசலில் அரை நாள் குளிரில் நின்றவன் நான். அடுத்தவளுக்கு வந்தவனின் பேக்கரியில் மா மூட்டை தூக்கிக் கொடுத்துக்கொண்டே அவனை அளந்தேன். இருவரும் இன்றைக்கும் நல்லாக இருக்கிறார்கள். அதற்கும் யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

மகளுக்கு இந்த வழக்கம் தெரியும். மற்ற நாள் காலை என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்கள் வேலைத்தலத்துக்குப் போய்ப் பாத்துத்தானே மாமிமாருக்கு ஓம் சொன்னனீங்கள். இவரின்ரை வேலைத்தலத்துக்கும் போங்கோ. ஒரு கிழமை ஆத்திலை. திரும்பி வந்து நீங்கள் ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் இல்லை. நான் மறுத்துக் கதைக்கமாட்டன்."

இதை அவள் தமிழில் சொன்னாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அவள் இவ்வளவு நீளத்துக்குத் தமிழ் கதைத்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இது விளையாட்டு இல்லை, அவளுடைய வாழ்க்கையை என் வாயில் வைத்திருக்கிறாள் என்று.

விசாரிக்க இரண்டு பேர் வேண்டும். பெண்சாதியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன்.

"எனக்கு நீந்தத் தெரியாது அத்தான்," என்றான்.

"விசாரிக்கத்தானே போறம் மச்சான். நீந்தவோ போறம்?"

ரயிலில் போய், வாடகை வான் ஒன்றில் ஏறி, மலைகளுக்கு நடுவே ரோட்டு முடிகிற இடத்தில் இறங்கினோம். அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நடுவில் ஆறு. ஒரு கிழமைக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை, ஃபோனும் எடுக்காது. இந்த நாட்டில் இப்படி ஒரு வெறுமையான இடம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே செத்திருந்தாலும் எனக்கு நட்டம் இல்லை. நான் பிறந்த இடத்தில் ஆறு கிடையாது. கிணற்றுத் தண்ணீர் சொன்னபடி நிற்கும். இது கல்லில் மோதி நுரை தள்ளி, பைத்தியக்காரன் போலச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது.

பெடியன் கரையில் நின்றான். ஒல்லி, தாடி, குடுமி, வெறுங்கால்.

"வணக்கம், மாமா," என்றான்.

"பெடியன் முந்தீட்டான் அத்தான்," என்றான் மச்சான்.

நான் இன்னும் மாமா இல்லை, மிசியு என்று கூப்பிடு என்று பிரெஞ்சில் சொன்னேன். சரி மிசியு என்று தலையாட்டினான். வள்ளத்தைத் தண்ணீரில் இறக்குவதற்குள் மறுபடியும் மாமா ஆகிவிட்டேன்.

எங்களோடு வந்தவர்கள் லியோன் பக்கத்து வயதான புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான். இருவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவர்கள். அந்த மனிசி கண்டவுடன் எல்லோருக்கும் கன்னத்தில் கொஞ்சினாள். மொத்தம் மூன்று வள்ளங்கள். ஒன்றில் அவர்கள், ஒன்றில் நானும் மச்சானும், மூன்றாவதில் சாமான்களோடு பெடியன் தனியே.

முதலில் உடுப்பு. தடித்த கறுப்பு றப்பரில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டிக்கொள்கிற உடுப்பு. வாடகை உடுப்பு, எனக்கு முதல் எத்தனை பேர் போட்டுக் கழற்றினார்களோ. பழைய வேர்வையும் ஈரச் சப்பாத்தும் சேர்ந்த மணம். காலை உள்ளே விட்டபோது உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த மனிசி சிரித்துக்கொண்டே, குளிர்ந்தால் எல்லோரும் அதற்குள்ளேயே ஒன்றுக்குப் போவார்கள், நல்ல சூடாக இருக்கும் என்றாள்.

மச்சான் பாதி ஏற்றிய உடுப்போடு அப்படியே நின்றான். "அத்தான், அப்ப இது வேர்வை ஈரம் இல்லை."

"வாயை மூடிக்கொண்டு போடு."

அடுத்தது பரல், அதாவது பீப்பாய். மூடிக்கு இரும்பு வளையம் போட்டுப் பூட்டுகிற நீலப் பிளாஸ்டிக் பரல்கள் நான்கைப் பெடியன் வரிசையில் வைத்தான். மூன்றில் சாப்பாடு. நான்காவதன் மூடியில் சிவப்பு ரேப் நாடா ஒட்டியிருந்தது. அதுதான் கக்கூஸ். இந்தப் பள்ளத்தாக்கு அரசாங்கம் பாதுகாக்கிற இடம், இங்கே மனிதன் ஒன்றையும் விட்டுப் போகக் கூடாது, மலத்தையும்கூட விடக் கூடாது என்று விளக்கினான். எல்லோரும் அதற்குள்தான் போக வேண்டும். அதைக் கடைசி நாள் வரை வள்ளத்தில் கட்டிக் கொண்டுபோய், ஆறு வெளியே வருகிற கிராமத்தில் காவலதிகாரியிடம் காட்ட வேண்டும். இந்த ஆற்றில் ஆட்களைக் கூட்டிப் போக அவனுக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்திருப்பது அந்த நிபந்தனையில்தான். பரல் தொலைந்தால் பத்திரம் பறிபோகும், அதோடு அவன் வேலையும் போகும்.

பல வருடங்களுக்கு முன்னால் மற்றவனின் கக்கூஸைக் கழுவினேன் என்றால், என் பிள்ளை கழுவக் கூடாது என்பதற்காகக் கழுவினேன். அவள் கடைசியில் தேடிப் பிடித்தவன் மற்றவனின் பீயை வள்ளத்தில் ஏற்றி ஊர்வலம் கொண்டு போகிறவன்.

"விசாரணை முடிஞ்சுது மச்சான்," என்றேன். "வா போவம்."

"எங்களை இறக்கின வான் போயிட்டுது அத்தான்," என்றான் அவன்.

அப்படித்தான் அந்தக் கிழமை தொடங்கியது.

அழகைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த மனிசி ஒவ்வொரு வளைவிலும் பாறையைக் காட்டி, பறவையைக் காட்டி, பார் பார் என்றாள். நான் பார்த்தது என் முழங்காலை. வள்ளத்தில் முழங்கால் மடித்து இருக்க வேண்டும். அடியில் எப்போதும் தண்ணீர். ஆறு கற்களுக்கு நடுவே விழுந்து நுரைத்துப் பாய்கிற இடங்கள் வந்தால் பெடியன் முன்னால் போய், துடுப்பைத் தலைக்குமேல் பிடித்து, இடது வலது என்று வழி காட்டுவான். நாங்கள் இடது என்றால் வலதுக்குப் போவோம். முதல் நாளே கவிழ்ந்தோம். வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, சற்று மேலே மரக்கிளையில் ஒரு செத்த செம்மறி ஆடு உப்பிப்போய்ச் சிக்கிக் கிடந்தது. அதைக் கழுவி வந்த தண்ணீரைத்தான் நான் குடித்திருந்தேன். அங்கேயே சத்தி எடுத்தேன்.

"வடிகட்டின தண்ணி ஆபத்தில்லை எண்டு பெடியன் சொல்லுறான்," என்றான் மச்சான்.

"நான் வடிகட்டியோ குடிச்சனான்?"

சாப்பாடு இன்னொரு அரியண்டம். பைக்குள் சுடுதண்ணி ஊற்றினால் கஞ்சி போல வருகிற ஏதோ ஒன்று. அதற்குமேல் பாற்கட்டி. அந்தப் பாற்கட்டியின் மணத்துக்கு ஈரக் காலுறை பரவாயில்லை. நான் பெண்சாதி கட்டித் தந்த மாசிக் கருவாட்டுச் சம்பலை எடுத்தேன். போத்தலைத் திறந்ததும் அந்த மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, காற்று வருகிற பக்கமாகப் போய் இருந்தாள்.

"பாருங்கோ அத்தான்," என்றான் மச்சான், "செத்த கால் மாதிரி மணக்கிறதைத் தின்னுறா. எங்கடை சம்பல் மணக்குதாம்."

கக்கூஸுக்கு ஒரு முறை வைத்திருந்தான். பற்றைக்குப் பின்னால், ஒரு துணி மறைப்புக்குள் பரல். போகிற பாதையில் ஒரு துடுப்பை மண்ணில் குத்தி வைத்திருப்பான். துடுப்பு நின்றால் ஆள் இல்லை. போகிறவர் அதைப் பிடுங்கிக் கையோடு கொண்டு போக வேண்டும். விடியக் காலமை நாங்கள் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்துகொண்டு, யார் துடுப்போடு போகிறார், எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்போம். வாழ்க்கையில் இவ்வளவு வெட்கம் கெட்டு நான் இருந்ததில்லை.

அதிலும் பெரிய பிரச்சினை எங்களுக்கு. பரலுக்குள் தண்ணீர் விடக் கூடாது, கடதாசிதான். ஆற்றில் இறங்கியும் கழுவக் கூடாது. நானும் மச்சானும் கடதாசியால் துடைத்துவிட்டு இருக்கிற ஆட்கள் இல்லை. முதல் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மற்ற நாள் காலை நான் துடுப்போடு போனபோது, மறைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி வெட்டி, இரண்டு கல் வைத்து, நிறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மூடியில் ஓட்டை போட்டிருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முகாமிலும் அது இருந்தது.

"எங்கடை பெட்டை சொல்லிக் குடுத்திருக்கிறாள்," என்றான் மச்சான்.

"சொல்லிக் குடுத்தால் செய்யிறது பெரிய கெட்டித்தனமோ?" என்றேன். கழுவிவிட்டுத்தான் சொன்னேன்.

ஆனாலும் என் மனது மாறவில்லை. பெடியன் குடிக்கவில்லை, அதைப் பார்த்தேன். அந்தக் கிழவனுக்குக் குளிரில் விரல் விறைத்தபோது அவனுடைய உடுப்பின் சிப்பைச் சத்தமில்லாமல் இழுத்து விட்டான், அதையும் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் பரலைத் தானே மூடி, தானே தூக்கி வந்து, தன் வள்ளத்தில் தன் முதுகுக்குப் பின்னால் கட்டினான். ஒரு தகப்பனுக்கு அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பாதிப் பயணம் தாண்டிய பின்னேரம், கரையில் காலுறையைப் பிழிந்துகொண்டு மச்சானிடம் முடிவைச் சொன்னேன்.

"இல்லை எண்டுதான் சொல்லப்போறன்."

"என்ன காரணம் சொல்லுவியள்?"

"உதுதான் காரணம்." பரலைக் காட்டினேன்.

மச்சான் தன் காலுறையையும் பிழிந்து கல்லில் விரித்தான். பிறகு, "அக்காவை உங்களுக்குக் கட்டித் தரேக்கை நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் அத்தான்?" என்று கேட்டான்.

"வேலையை விட்டிட்டன். இவன் விடுவானோ? இவனுக்கு இதிலை பெருமையடா."

அவன் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

மற்ற நாள்தான் அது நடந்தது. பயணத்திலேயே பெரிய பாய்ச்சல் அங்கேதான் இருந்தது. ஆறு ஒடுங்கி, இரண்டு படியாக விழுந்தது. முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில், வலது கரையில் ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுற்றி அடங்கி நிற்கிற இடம் ஒன்று. பெடியன் எங்களை முதலில் அனுப்பி அதற்குள் ஒதுங்கச் சொன்னான். கடவுள் செயல், ஒதுங்கிவிட்டோம். வள்ளத்தின் மூக்கைக் கரையில் ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் புருஷன் பெண்சாதியின் வள்ளம் குறுக்கே திரும்பிக் கல்லில் இடித்துக் கவிழ்ந்தது. கிழவன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டான். மனிசி இழுபட்டாள். பெடியன் யோசிக்கவில்லை. தன் வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்து, அவளுடைய மிதவைச் சட்டையைப் பிடித்து இடது கரைப் பாறையோடு சேர்த்தான். ஆள் இல்லாத அவனுடைய வள்ளம் பாறையில் அடித்துப் புரண்டு, அங்கேயே செருகி நின்றது. கட்டு அவிழ்ந்து ஒரு பரல் வெளியே வந்தது. நீலப் பரல், சிவப்பு ரேப்.

அது நேரே எங்கள் பக்கமாக வந்தது. வளையம் ஒரு பக்கம் கழன்று, மூடி சரிந்து, பாதி தாழ்ந்து உருண்டு வந்தது. எங்களைத் தாண்டினால் இரண்டாம் படி. அதில் விழுந்தால் வெடிக்கும். கீழே சனம் குளிக்கிற கிராமம், காவலதிகாரி. அக்கரையில் மனிசியைக் கட்டிப் பிடித்தபடி பெடியன் பரலைக் கண்டான். அவளை விட முடியாது, பரலையும் விட முடியாது. கத்தவில்லை. பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு அந்த நேரத்தில் முதலில் வந்த நினைப்பை எழுதுகிறேன். போகட்டும் என்று நினைத்தேன். பரல் போனால் பத்திரம் போகும், பத்திரம் போனால் வேலை போகும், நான் இல்லை என்று சொல்லவே தேவையில்லை, ஆறே சொல்லிவிடும். மகளுக்கு என்னில் கோபமும் வராது.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்த முகத்தை நான் பிரெபெக்தூரில், வதிவிடக் கடதாசி கொடுக்கிற அலுவலக வாசலில், பார்த்திருக்கிறேன். உள்ளே போய், கடதாசி இல்லை என்று சொல்லப்பட்டு வெளியே வருகிறவனின் முகம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். அங்கே நின்ற வருடங்களில் அந்த முகத்தை நானும் போட்டிருக்கிறேன். வள்ளக்காரனாக இருக்கட்டும், குடுமிக்காரனாக இருக்கட்டும், ஒருவனுடைய கடதாசி என் கண்முன்னால் தண்ணீரில் போக நான் கை கட்டி நிற்கிறவன் இல்லை.

நெஞ்சளவுக்கு இறங்கினேன். பரல் வந்து மார்பில் இடித்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். தண்ணீர் அதையும் என்னையும் சேர்த்து இழுத்தது. கல்லில் முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்தேன். மூடி திறந்து, உள்ளே இருந்தது கழுத்திலும் தாடையிலும் வழிந்தது. எங்கள் எல்லோருடையதும், அத்தனை நாளுடையதும். மூச்சை அடக்கினேன். மூச்சு எவ்வளவு நேரம் அடங்கும்? எடுத்தேன். அந்த மூச்சு இன்றைக்கும் சில நாட்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஞாபகம் வரும், அப்போது கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவேன்.

"விடுங்கோ அத்தான், மணக்குது," என்று மச்சான் கரையில் நின்று கத்தினான்.

"மணக்கிறதுக்குத்தானடா பிடிச்சிருக்கிறன். மூடியை அமத்து."

அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, வந்து ஒரு கையால் மூடியை அமத்தினான். அவனுடைய பங்கு அவ்வளவுதான். ஒரு கை. இருவருமாக இழுத்துக் கரையில் ஏற்றினோம். பிறகு அவன் என்னைப் பார்த்தான்.

"அத்தான், உங்களை இனி வள்ளத்திலை ஏத்தேலாது."

பெடியன் கயிறு போட்டுக் கிழவனையும் வள்ளங்களையும் கரைசேர்த்த பிறகு, அன்று பின்னேரம் முகாமில் அந்த மனிசி எல்லோரையும் கட்டிக் கொஞ்சினாள், உயிர் தப்பியவள் அல்லவா. என்னிடம் வந்தபோது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து வணங்கிவிட்டு, தூரத்தாலேயே போனாள். கிழவன் தன் சவர்க்காரத்தை எறிந்து தந்தான். நான் கரையிலிருந்து ஒதுங்கி, மச்சான் வாளியில் அள்ளித் தந்த தண்ணீரில் தோல் சிவக்கத் தேய்த்தேன். கழற்றிப் போட்ட றப்பர் உடுப்பையும் உள்ளே போட்டிருந்த சேட்டையும் எரித்துவிடச் சொன்னேன். எரிக்கவும் கூடாதாம் அங்கே.

சாப்பிட முடியாமல் கூடாரத்துக்கு வெளியே இருந்தபோதுதான் கண்டேன். பெடியன் ஆற்றிலிருந்து தள்ளி, தன் சட்டப்படி ஒரு குழி வெட்டி, தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து, என்னுடைய றப்பர் உடுப்பையும் சேட்டையும் கழுவிக்கொண்டிருந்தான். வெறும் கையால். கழுத்துப் பட்டியை நகத்தால் சுரண்டினான். முகம் சுளிக்கவில்லை. என் பெண்சாதி அந்தச் சேட்டைக் கோலால்கூடத் தொட்டிருக்கமாட்டாள். மகள் சிலவேளை தொட்டிருப்பாள்.

கழுவி முடித்துக் கிளையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். "மாமா," என்று மட்டும் சொன்னான். மிசியு என்று சொல் என்று நான் திருத்தவில்லை.

கடைசி நாள் கிராமத்துப் பாலத்தடியில் காவலதிகாரி நின்றார். ஏதும் நடந்ததா என்று கேட்டார். பெடியன் மறைக்கவில்லை. பரல் கையை விட்டுப் போனது, மூடி திறந்தது, கொஞ்சம் ஆற்றில் கலந்திருக்கும், என் மாமா கட்டிப் பிடித்துக் கரையேற்றினார் என்று என்னைக் காட்டிச் சொன்னான். காவலதிகாரி பரலைத் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டார். பத்திரம் பறிபோகவில்லை. அந்த ஒரு மனிதர்தான் இன்றுவரை எனக்கு ஒழுங்காக மரியாதை செய்தவர்.

ஃபோன் வேலை செய்யத் தொடங்கியதும் மகளை எடுத்தேன். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஓம்," என்றேன். "ஆனால் முடிச்சுப் போடப் பழகச் சொல்லு."

கலியாணம் நல்லாக நடந்தது. நான் நடத்தினால் நல்லாகத்தான் நடக்கும். அன்றைக்குப் பின்னேர விருந்தில் மாப்பிள்ளையை எழுப்பி, ஆற்றில் நடந்ததைச் சொல்லச் சொல்லி அவனுடைய சிநேகிதர்கள் கேட்டார்கள். நான் கோட்டுக் கழுத்தைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து இருந்தேன். பெடியன் எழும்பி, என் பெண்சாதியின் முகத்தைப் பார்த்து, மகளின் முகத்தைப் பார்த்தான். பிறகு, பயணத்தில் வள்ளம் கவிழ்ந்தது, எல்லோருமாகச் சேர்ந்து சாப்பாட்டுப் பரலைக் காப்பாற்றினோம் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டான். சபை கை தட்டியது. மச்சானும் கை தட்டினான், அந்த ஒரு கையையும் சேர்த்து.

பெடியன் ஏன் அதைச் சாப்பாட்டுப் பரல் ஆக்கினான் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"பின்னை என்ன," என்றாள் பெண்சாதி, "பொம்பிளையின்ரை தேப்பன் கக்கூஸ் பரலைக் கட்டிப் பிடிச்சவர் எண்டு கலியாண வீட்டிலை சொல்லுறதோ? லண்டன் ஆக்கள், ஜெர்மன் ஆக்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கினம்."

"நான் கக்கூஸ் கழுவித்தான் உன்னை இஞ்சை கூப்பிட்டனான்."

"அதையும்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள்.

மகளிடம் போனேன். "பப்பா, சே பா க்ராவ்," என்று பிரெஞ்சில் சொன்னாள். பெரிய விஷயம் இல்லையாம். அவளுடைய தமிழ் அந்த ஒரு நாளோடு முடிந்துவிட்டது.

அது பெரிய விஷயமா இல்லையா என்று பிறகு தெரிந்தது. கதை விருந்து மண்டபத்தில் நிற்கவில்லை. ரூ பெர்தொனேக்கு வருவதற்குள் அதற்குக் கால் முளைத்துவிட்டது. போன கிழமை ஒருவர் கடைக்கு வந்து, ரோல்ஸுக்குக் காத்திருந்தபடி கேட்டார்.

"அண்ணை, ஆத்திலை விழுந்து போனியளாமே. மாப்பிள்ளைதான் பாஞ்சு தூக்கினவராம். நல்ல பெடியன் கிடைச்சிட்டான் உங்களுக்கு."

எண்ணெய்க் கரண்டி என் கையில் இருந்தது. "ஆர் சொன்னது?"

"ஊரே கதைக்குது அண்ணை. அதுக்காகத்தானே ஓம் எண்டனீங்கள். உயிரைக் காப்பாத்தினவனுக்கு மாட்டன் எண்டு சொல்லேலுமோ?"

அவருக்கு ரோல்ஸைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டினேன். பரலுக்குள் இருந்ததைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது அந்தப் பேச்சு. அது மேலில் பட்டது, கழுவப் போய்விட்டது. இது போகவில்லை.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். பெண்சாதி, மகள், மச்சான், லண்டன் ஆட்கள், ஜெர்மன் ஆட்கள், ரோல்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும்தான். மாப்பிள்ளை மனிசியைக் காப்பாற்றினான், அது அவனுடைய பங்கு, அதில் நான் கை வைக்கவில்லை. என்னை யாரும் தூக்கவில்லை. நான் ஓம் சொன்னது என் உயிருக்காக அல்ல, கிளையில் காய்ந்த அந்தச் சேட்டுக்காக. மாப்பிள்ளை, நீ காவலதிகாரியிடம் சொன்னதை அப்படியே அடுத்த விருந்தில் எழும்பிச் சொல். உன் மாமியின் முகத்தைப் பார்க்காமல் சொல். பரலைப் பிடித்தது நான். அதற்குள் இருந்தது சாப்பாடு இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்.